விடுதலை நாளின் விருந்து



ஜூலை 4 அமெரிக்கர்களின் சுதந்திர தினம் என்பது நம்மவர் பலரும் அறிந்ததே; ஆனால் அன்று இந்த நாட்டின் சிற்றூர்களில் அரசாங்கத்தைக் காட்டிலும் அடுப்புதான் அதிகமாக வேலை செய்கிறது என்பதை இங்கே வந்து குடியிருந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். பிலடெல்பியா நகரத்தை ஒட்டி நாங்கள் வசிக்கும் ஊரில், காலையில் ஊர்வலம் வரப்போகும் வீதியின் இரு ஓரங்களிலும் முந்தின நாள் மாலையிலேயே மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். காவலுக்கு ஆளில்லாத அந்த நாற்காலிகளை இராத்திரி முழுவதும் ஒருவரும் நகர்த்துவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்துக்கு வைகைக் கரையில் இடம் பிடித்து அனுபவப்பட்ட மதுரைச் சீமைக்காரனாகிய எனக்கு இதைவிட ஆச்சரியமான காட்சி இந்தத் தேசத்தில் வேறில்லை.

ஊர்வலம் என்றதும் பீரங்கிகளும் படைகளும் அணிவகுக்கும் ராஜரீகமான காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளூர்த் தீயணைப்பு வண்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாத்திய கோஷ்டி, பழங்காலத்து மோட்டார்களில் அமர்ந்து கையசைத்துச் செல்லும் முன்னாள் யுத்த வீரர்களான கிழவர்கள், கொடித் துணியால் அலங்கரித்த சைக்கிள்களில் குழந்தைகள், இவ்வளவுதான். வண்டியில் போகிறவர்கள் மிட்டாயை வாரி வீச, ஓரத்துச் சிறுவர்கள் ஓடி ஓடிப் பொறுக்குகிறார்கள். மேடை இல்லை, பொன்னாடை இல்லை, முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் என்ற பட்டியல் இல்லை. மத்தியானத்துக்கு மேல் தேசம் முழுவதும் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது.

எங்கள் கொல்லையிலும் கரியடுப்பு மூட்டப்பட்டது. மருமகள் முதல் நாளே மிளகும் சோம்பும் அரைத்துத் தடவி ஊறவைத்திருந்த கோழித் துண்டுகள் ஒரு பக்கமும், அசைவத்தின் காற்றுக்கூடப் படலாகாதென்று தனியே மூட்டிய இன்னோர் அடுப்பில் மக்காச்சோளக் கதிர்களும் பன்னீர்த் துண்டுகளும் மறுபக்கமுமாக வெந்துகொண்டிருக்க, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நண்பர் குடும்பம் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தயிர்ச்சாதமும் மாவடுவும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது. அடுத்த வீட்டில் தனியே வசிக்கும் இத்தாலிய வம்சத்து மூதாட்டி தம் கையால் செய்த ஆப்பிள் பையோடு வந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் தேய்த்த சோளக்கதிரை அந்த அம்மாள் கண்ணில் நீர் வழிய வழியத் தின்று முடித்து, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

இந்த நாளையொட்டி வரும் விடுமுறையில்தான், 1987-இல் தோன்றிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும் தன் ஆண்டு விழாவை நடத்திவருகிறது. 2019-இல் சிகாகோ நகரத்தில் கூடிய விழாவோடு பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் சேர்ந்து நடந்தது. பிறருடைய விடுதலை நாளில் நாம் பறையடித்துச் சிலம்பம் சுற்றுவது உசிதமா என்று கேட்பவர்கள் உண்டு. தேசபக்தி, கலாசாரம் என்றெல்லாம் இதற்கு நீண்ட மறுமொழி சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போதுதான் என்பதே உண்மையான மறுமொழி.

விளையாட்டும் மணியோசையும் விளக்கொளியுமாக இந்த நாளைக் கொண்டாட வேண்டுமென்று முதன்முதலில் எழுதிவைத்தவர் ஜான் ஆடம்ஸ். ஆனால் அவர் மனத்தில் இருந்த தேதி வேறு. பிரிட்டனிடமிருந்து பிரிந்துவிடுவதென்ற தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2 அன்றாகையால், அந்தத் தேதியைத்தான் சந்ததியார் கொண்டாடப்போகிறார்கள் என்று கருதி மறுநாளே மனைவிக்குக் கடிதம் எழுதினார்; ஜனங்களோ சுதந்திரப் பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட 4-ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும், பிரகடனத்தை இயற்றிய தாமஸ் ஜெபர்சனும் காலமானது அதன் ஐம்பதாவது ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்றுதான் என்பதை விதியின் விளையாட்டென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இரவு ஒன்பது மணியளவில் வாணவேடிக்கை தொடங்கும். கோடையில் இங்கே அதற்குமுன் சரியாக இருட்டுவதில்லை. சிவகாசிக்குப் பக்கத்து ஜில்லாக்காரன் என்ற சுயநலத்தோடு, இந்த மத்தாப்பும் வாணமும் எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்தேன். ஏறக்குறைய எல்லாமே சீன தேசத்துச் சரக்காம்.

அந்த வேடிக்கைக்காகப் புல்தரையில் ஜமக்காளம் விரித்துக் காத்திருந்த வேளையில் பேரன் கேட்டான்: “ஐயா, ஆகஸ்டு பதினஞ்சுக்கு நம்ம ஊர்ல என்ன சமைப்பாங்க?”

“பள்ளிக்கூடத்துல மிட்டாய் குடுப்பாங்கடா தம்பி.”

“வீட்ல?”

“வீட்ல என்னைக்கும் போலத்தான்.”

அவன் அதோடு விட்டுவிட்டான், நான்தான் விடவில்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பண்டத்தை நிர்ணயித்து வைத்திருக்கிற நம் ஜனங்கள், இத்தனை பேர் தடியடிபட்டும் சிறையிருந்தும் வாங்கித் தந்த ஒரு நாளுக்கு ஒரு கரண்டி பாயசத்தைக்கூட நிர்ணயிக்கவில்லையே என்பது எனக்கு உறைத்தது. சட்டையில் ஊசியால் குத்திய காகிதக் கொடி, கயிற்றை இழுத்ததும் முடிச்சவிழ்ந்து உதிரும் ரோஜா இதழ்கள், வெயிலில் வரிசை, கையில் ஆரஞ்சு மிட்டாய். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டியதும் சுதந்திர தினம் முடிந்தது. திருவாதவூரில் என் பால்யத்தில் அப்படித்தான். இப்போது எஞ்சிய பொழுதைத் தொலைக்காட்சியின் பட்டிமன்றமும் புதுப்படமும் அபகரித்துக்கொண்டன. குற்றம் வீட்டாருடையது மட்டுமன்று. சாதாரணப் பிரஜை தன் வீட்டில் வருஷத்தின் எல்லா நாளும் தேசியக் கொடியைப் பறக்கவிடலாமென்று விதி தளர்ந்ததே 2002-இல்தான் என்றால், அந்த நாளைச் சர்க்காருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய சொத்தாக ஜனங்கள் கருதிவிட்டதில் வியப்பென்ன?

ஆயினும் அன்றைக்கெனத் தனிச் சமையல் இல்லை என்று நான் பேரனுக்குச் சொன்னது முழு விவரமன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயில் முதலான பெரிய கோயில்களில் ஆகஸ்டு 15 அன்று பொது விருந்து நடக்கிறது. இன்ன ஜாதியார், இன்ன அந்தஸ்துள்ளவர் என்ற பேதமில்லாமல், வந்தவர் அனைவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதே அதன் தாத்பரியம். அது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு தேதி சாட்சியாக நிற்கிறது. அமெரிக்கப் பிரகடனம் இந்தப் பிலடெல்பியாவில் ஜனங்கள் முன்னிலையில் முதன்முதலாக உரக்க வாசிக்கப்பட்டது 1776 ஜூலை 8 அன்று. அதே ஜூலை 8-ஆம் தேதி, 1939-ஆம் ஆண்டு, மதுரை வைத்தியநாதய்யர், அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த வகுப்பாரில் சிலரை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். உடன் சென்றவர்களில் ஒருவர் எங்கள் மேலூர் வட்டாரத்துத் தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்த கக்கன். பிற்பாடு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை புகுந்து, அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, சென்னை ராஜ்யத்தின் மந்திரியாக இருந்தும் தமக்கென ஒன்றும் சேர்த்துக்கொள்ளாமல் வாழ்ந்து முடித்தவர். தேசம் விடுதலை அடைவதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே மதுரையில் ஒரு விடுதலை நடந்துவிட்டது என்று நான் சொல்லுவதற்கு இதுவே காரணம்.

இங்கே காரியம் நேர்மாறாக நடந்தது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் பிரகடனம் செய்த தேசத்தில், அந்த வாசகத்தை எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து பெரும் பிரசங்கியாக விளங்கிய பிரடெரிக் டக்ளஸை 1852-இல் ராச்செஸ்டர் நகரத்தார் இந்தத் தினத்தை முன்னிட்டுப் பேச அழைத்தபோது, அவர் ஜூலை 5 அன்று மேடையேறி, உங்கள் கொண்டாட்டத்தில் அடிமைப்பட்டவனுக்கு என்ன பங்கு என்று முகத்துக்கு நேரே கேட்டார். அடிமைகளின் விடுதலையை நினைவுகூரும் ஜூன் 19 தேசிய விடுமுறையானது 2021-இல்தான். கொல்லைப்புற விருந்து இனிமையானது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அழைப்பு, நாம் ஏற்கெனவே அறிந்தவர்களுக்கே போகிறது. கோயில் பந்தியிலோ நமக்குப் பக்கத்து இலையில் யார் உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் பந்தியைத்தான் சொல்லுவேன். ஆனால் வீட்டில் வேர்விடாத பண்டிகை எதையும் குழந்தைகள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லையே என்ற கவலையும் என்னை விட்டபாடில்லை.

ஆகவே ஊராருக்கு ஒரு விண்ணப்பம். ஆகஸ்டு 15 நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாளுமாகும். 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கணக்குக் கேட்பது திருவாதவூருக்குப் புதிதன்று. குதிரை வாங்கக் கொடுத்த பொருள் என்னவாயிற்று என்று அரிமர்த்தன பாண்டியன் நம் ஊர்க்காரராகிய மாணிக்கவாசகரைக் கேட்ட கதையைத்தானே ஆவணி மூலத்தில் மதுரை மாநகரமே திருவிழாவாகக் கொண்டாடுகிறது, அதற்காகத்தானே அவரும் ஆண்டுதோறும் நம் ஊரிலிருந்து மதுரைக்கு எழுந்தருளுகிறார்? பாண்டியன் கேட்கலாமென்றால் பிரஜைகளும் கேட்கலாம். மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் செய்ததுபோல நரியைப் பரியாக்கிக் காட்ட இன்றைக்கு ஒருவராலும் முடியாது.

காலையில் அடுப்பில் பாயசத்தை வைத்து இறக்கிவிட்டு, வீட்டுப் பெண்களையும் வாக்குரிமை வந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போங்கள். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கண்மாய்க்கும் ஆன செலவைக் கேளுங்கள். மதுரைப் பக்கம் போக நேர்ந்தால் பொதுப் பந்தியில் முன்பின் அறியாதவர் அருகில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாயசம் பாசிப்பருப்பா, சேமியாவா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பேரனுக்குச் சொல்லவேண்டும்.