ஊத்தங்கரையிலிருந்து பொம்மையூருக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது ஊத்தங்கரை. மாந்தோப்புகளும் புளியமரங்களும் கருங்கல் குன்றுகளும் சூழ்ந்த ஊர். கடைத்தெருவில் நடந்து பாருங்கள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, பலசரக்குக் கடை, எதன் வாசலிலும் பிளாஸ்டிக் பொம்மைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அமுக்கினால் கத்தும் வாத்து, சாவி கொடுத்தால் குட்டிக்கரணம் போடும் குரங்கு, விளக்கு மின்னும் துப்பாக்கி!

வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. எதை வாங்குவது? நாம் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். குழந்தையோ வாயால் பார்க்கிறது! கையில் எது கிடைத்தாலும் அதன் அடுத்த ஸ்தலம் வாய்தான். ஆகையால், "இது அழகாக இருக்கிறதா?" என்பதற்கு முன், "இதை என் குழந்தை நாள் முழுதும் சப்பலாமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சப்பினாலும் பயமில்லாத பொம்மை செய்து பெயர் பெற்ற ஊர் ஒன்று, ஊத்தங்கரையிலிருந்து சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கன்னட நாட்டுச் சன்னபட்டணா. பெயரைக் கேட்டு நமது சென்னப்பட்டணம் என்று எண்ணி ரயில் ஏறிவிடாதீர்கள்! அது கிழக்கே, இது மேற்கே.

காலையில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, பிறகு ஓசூர். கைக்கடியாரமும் மோட்டார் சைக்கிளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் ஓசூர். ஒரு சின்னத் திருகாணி கூட அளந்து பார்க்கப்படாமல் அங்கே வெளியே போகாது. கடியாரத்துக்கு இத்தனை பரீட்சை என்றால், குழந்தையின் வாய்க்குள் போகும் பொருளுக்கு எத்தனை வேண்டும்? ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி எல்லை, பெங்களூர். அங்கிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோ மீட்டர். வழியில் ராமநகரத்துப் பாறைகள் கண்ணில் படும். 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படம் எடுத்த பாறைகள் அவைதாம்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். 2023-ல் திறந்த புதிய விரைவுச் சாலை சன்னபட்டணாவுக்குள் நுழையாமல் வெளியே போய்விடுகிறது. வண்டியைப் பழைய சாலைக்குத் திருப்பினால்தான் பொம்மைக் கடைகளைக் காணலாம். திருப்புகிறவர்களை நம்பித்தான் அந்தக் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர் என்று கன்னடத்தார் இதை அழைக்கிறார்கள். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை அழைத்து வந்து இந்தத் தொழிலைத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. பிற்காலத்தில் ஜப்பானியப் பொம்மை நுட்பங்களை இங்கே கொண்டு வந்தவர் என்று பாவாஸ் மியான் என்பவரைப் போற்றுகிறார்கள். 2005-06-ம் ஆண்டில் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போமா? பொம்மைக்கு உரிய மரம் வெட்பாலை. தோல் வியாதிக்கு நம் வைத்தியர்கள் இதன் இலையைப் போட்டுத்தான் எண்ணெய் காய்ச்சுகிறார்கள். தந்தம் போல் வெளுத்த மரம். சிராய் எழும்பாமல் வழவழவென்று கடைந்து வரும். நன்றாக உலர்த்திய கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழல விடுகிறார்கள். உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாய் உதிர்கிறது. உள்ளேயிருந்து ஒரு கிலுகிலுப்பை பிறக்கிறது!

வர்ணம் பூசுவதுதான் வேடிக்கை. தூரிகையும் இல்லை, டப்பாவும் இல்லை. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிக்கிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் முகம் தெரியும் பளபளப்பு! மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று செடிகொடிகளிலிருந்தே சாயம் எடுப்பது இதன் சிறப்பு. ஆனாலும் கடையில் உள்ள எல்லாமே அப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம். "தாவரச் சாயமா?" என்று கேட்டே வாங்குங்கள்.

வர்ணத்தில் இவ்வளவு கவனம் எதற்கு? ஈயம் கலந்த வர்ணம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம் உடம்பில் சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 2007-ல் பேர்பெற்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி ஒன்றே வர்ணத்தில் ஈயம் இருந்ததற்காக லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

அதற்காக எல்லோரும் சன்னபட்டணா போக வேண்டுமா? அவசியமில்லை. ஊத்தங்கரைக் கடையிலேயே வாங்கலாம். பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவைக்கும் புவிசார் குறியீடு பெற்றவைக்கும் மட்டும் விலக்கு உண்டு. தொழிற்சாலைப் பொம்மையில் முத்திரை இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல அகலமுள்ள சிறு குழலுக்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொம்மையின் கண், சக்கரம், பொத்தான் எல்லாவற்றையும் வலுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் குழந்தையின் வாயோடும் போகும். எல்லாவற்றிலும் கொடியது பொத்தான் போன்ற சின்ன பாட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

வயதுக்கு ஏற்ற பொம்மை என்பது மேல்நாட்டார் கண்டுபிடித்தது என்று நினைக்கிறீர்களா? நம் பிள்ளைத்தமிழ் நூல்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டிச் சப்பாணி, பத்தொன்பதாம் மாதம் சிறுபறை, இருபத்தொன்றாம் மாதம் சிறுதேர் என்று வகுத்திருக்கிறார்கள். தலை நிமிரும்போது ஒன்று, கை தேறும்போது ஒன்று, கால் தேறியபின் ஒன்று. இதைவிட நல்ல பட்டியல் வேறு வேண்டுமா? ஆறு மாதத்துக்குக் கிலுகிலுப்பை. உட்கார்ந்த பிறகு அடுக்கும் வளையங்கள். எழுந்து நின்றதும் நடைவண்டி. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் அழகானவைதாம். ஆனால் சின்னஞ்சிறு சாமான்கள் அல்லவா? மூன்று வயது தாண்டட்டும்.

நடைவண்டி என்றதும் ஒரு வார்த்தை. குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருளவிடும் வாக்கர் வேறு. படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்தை முன்னிட்டு, கனடா நாட்டில் 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நம் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியில் குழந்தை தானே நிற்கிறது, தானே தள்ளுகிறது, தானே நடக்கிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

அறிவு வளர்க்கும் பொம்மை என்பதன் ரகசியமும் இதுதான். பொம்மை எல்லா வித்தையும் காட்டினால் குழந்தைக்கு வேலை இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பேசாத மர வளையத்தைக் கொடுங்கள். உருட்டும், தட்டும், அடுக்கும், கலைக்கும். பெரிது எது, சிறிது எது என்று தானே கண்டுபிடிக்கும்.

அரக்குப் பொம்மையை வெந்நீரில் ஊறப்போடாதீர்கள், மினுக்கம் போய்விடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். தம்பி சப்பி முடித்தபின் அடுத்து வரும் தங்கைப் பாப்பாவுக்கும் ஆகும்!