பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

'குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்!' - இப்படி ஒரு கட்டுரையை நானே எழுதியிருக்கிறேன். அதில், 'ஓ.ஆர்.எஸ் கொடுங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதாது என்பது, அக்கா மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போன ராத்திரியில்தான் புரிந்தது.

அவனுக்கு ஒன்றரை வயது. மத்தியானத்திலிருந்து தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. "நீதான் இதெல்லாம் எழுதுறவளாச்சே, என்னடி பண்றது?" என்றாள் அக்கா. தெம்பாக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கி வந்தேன். இவன் எங்கே அவ்வளவு குடிக்கப்போகிறான் என்று, பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். அம்மா வேறு, "வயித்துக்கு ஓய்வு வேணும், பால் கொடுக்காதே" என்று அக்காவைத் தடுத்துவிட்டார்.

கொஞ்சம் குடித்தான். பேதி அதிகமானது. பத்து மணிக்கு அவன் அழுதபோது கண்ணீரே வரவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. அப்புறம் அழக்கூடத் தெம்பில்லாமல் அக்காவின் தோளில் துவண்டு கிடந்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்: "எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?"

சொன்னேன். திட்டவில்லை. கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். 'ஒரு லிட்டர் தண்ணீரில்' என்று அச்சடித்திருந்தது.

உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சுமாம். கெட்டியாகக் கலந்தால் பேதி கூடும். ரத்தத்தில் உப்பும் ஏறிவிடும். தண்ணீர் அதிகமானால் பலன் குறையும். சில பாக்கெட்டுகள் ஒரு லிட்டருக்கு, சில 200 மில்லிக்கு. எதுவானாலும் முழு பாக்கெட்டையும், அதில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஜூஸ், கூல்டிரிங்ஸ் எதுவும் இதற்கு மாற்று இல்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூனால் மெள்ள மெள்ளக் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றுவிட்டாலும் 14 நாள்கள் வரை தொடர வேண்டும்.

குழந்தை துவண்டுபோனால், எதுவும் குடிக்க முடியாமல் போனால், கண்கள் குழி விழுந்தால், சிறுநீர் போகாமல் இருந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

விடியற்காலையில் கண் விழித்தவன், என் கழுத்திலிருந்த ஆபீஸ் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான். அக்கா அப்போதுதான் அழுதாள். "நான் தப்பா கலந்துட்டேன்க்கா" என்றேன். "எனக்கும்தான் தெரியலையேடி" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் போனதும் அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். 'ஓ.ஆர்.எஸ் கொடுங்கள்' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'கலக்கும் முன், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.'