ஒரு கட்டு புதினா

பிரியாணியில் கிடக்கும் பச்சை இலையை நாம் தட்டின் ஓரமாக ஒதுக்கித் தள்ளுகிறோமே, அதற்காகப் பரிந்து பேசத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். "மலருக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையாடா?" என்றான் அறை நண்பன். எனக்கு இதைவிட நெருக்கமான விஷயம் கிடையாது. என் அம்மா தெருத்தெருவாகக் கீரை விற்பவர். நான் கட்டும் பரீட்சைக் கட்டணத்தில் பாதி, புதினாக் கட்டு விற்ற காசு.

புதினா, துளசியின் குடும்பம். இரண்டின் தண்டையும் விரலில் உருட்டிப் பாருங்கள், சதுரமாக இருக்கும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. துவையல், மோர், எலுமிச்சைச் சாறு எதிலும் சேரும். வயிறு உப்பினால் நாலு இலையை வெந்நீரில் போட்டு மூடிவைத்துக் குடிக்கலாம். அதற்காக சர்வரோக நிவாரணி என்று சொல்லமாட்டேன். நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு அதைக் கூட்டிவிடும். கைக்குழந்தையின் மூக்கில் மென்தால் தைலம் தடவுவதோ ஆபத்து, மூச்சுத் திணறும். "மூணு நாளா வயித்துவலின்னா புதினா வாங்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அம்மாவே சொல்வார். வியாபாரம் போனாலும் பரவாயில்லையாம்!

நம் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று விற்பதுதான் மென்தால். அதோடு ஓம உப்பையும் கற்பூரத்தையும் புட்டியில் போட்டுக் குலுக்கினால், நெருப்பே இல்லாமல் மூன்றும் இளகித் திரவமாகிவிடும். 232 டிகிரியில் உருகும் வெள்ளீயமும் 327 டிகிரியில் உருகும் காரீயமும் 63-க்கு 37 என்று சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகுகிறதே, அதே யூடெக்டிக் தத்துவம்தான்!

புதினாவின் குளிர்ச்சியும் வேடிக்கைதான். மென்தால் பட்டு வாய் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பைத்தான் அது தட்டி எழுப்புகிறது. அந்த உணர்வியை மென்தாலைக் கொண்டே 2002-ல் தனித்தனியாகக் கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக இருவரும் 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் கூடையில் இருக்கும் புதினாவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. மழையில் அழுகும், வெயிலில் கறுக்கும். சாயங்காலம் வாடின கட்டை யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் புதினா சாதம். "காசாகலைன்னா என்ன தம்பி, வயித்துக்காச்சு" என்பார் அம்மா. பத்து ரூபாய்க் கட்டை எட்டுக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். எனக்குத்தான் மனசு கேட்காது.

கடைசியாக ஒரு யோசனை. இலையை ஆய்ந்தபின் தண்டை எறியாதீர்கள். டம்ளர் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும். விடுதியில் உடைந்த வாளிக்கா பஞ்சம்? அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி நட்டுவிடுங்கள். "எல்லாரும் வளர்த்தா எங்கிட்ட யாரு வாங்குவா?" என்று அம்மா சிரிப்பார். வளர்க்க முடியாதவர்கள் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். நீங்கள் குறைக்கும் அந்த இரண்டு ரூபாய், யாரோ ஒரு மாணவனின் மினி டிராஃப்டருக்குச் சேருகிற காசாக இருக்கலாம்!