கடாரத்தில் கேட்ட சப்பானியம்

ஒரு மொழி அயல்மண்ணில் கால்வைக்கும் வழிகள் பல. வணிகர் நாவில் வரும். துறவியர் ஏட்டில் வரும். படையினரின் காலணி ஓசையோடும் வரும். கடாரத்துத் தோட்டத் தமிழர்க்குச் சப்பானிய மொழி இம்மூன்றாம் வழியிலேயே அறிமுகமாயிற்று. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் அரண் உடைந்தது. சில நாள்களுக்குள் அலோர் ஸ்டாரும் சுங்கைப் பட்டாணியும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் புதிய ஆட்சியின்கீழ் வந்தன. கிராணியின் ஆங்கிலத்தையும் கடைத்தெருவின் மலாயையும் கேட்டுப் பழகிய செவிகளில் புதியதொரு மொழி விழுந்தது.

அம்மொழியில் அவர்கள் முதலில் கற்றவை கட்டளைகளே. ‘கியோட்ஸ்கே’ என்றால் நேராக நிற்க வேண்டும். ‘யசுமே’ என்றால் தளர்ந்து நிற்கலாம். ‘பங்கோ’ என்றால் தம் எண்ணைச் சொல்ல வேண்டும். ‘பகயாரோ’ என்னும் வசை மலாயா மக்கள் நாவில் ‘பக்கேரோ’ எனத் திரிந்தது. அதன் பொருளை எவரும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. உடன் விழுந்த அறையே உரை சொல்லிற்று.

வரிசையில் நின்று இச்சி, நி, சன், ஷி என எண்ண வேண்டும். ஒன்றைக் குறிக்கும் ‘இச்சி’யும் ஏழைக் குறிக்கும் ‘ஷிச்சி’யும் செவியில் மயங்கும். நான்கைக் குறிக்கும் ‘ஷி’ என்னும் ஒலியே சாவையும் குறிக்கும்; அதனைத் தவிர்க்க விரும்பும் சப்பானியர் ‘யொன்’ என்பர். நான்காவதாக நின்று உரக்கக் கூவிய தொழிலாளி இதனை அறிந்திருக்க வழியில்லை. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே மாதத்தில் கடாரம் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையான பல்லாயிரவர் லயங்களுக்குத் திரும்பவில்லை.

இத்தகைய வழியில் வந்த சொற்களைக் கொண்டு அம்மொழியை அளப்பது தகுமா? ‘யசுமே’ என்பதன் ஈற்றை மாற்றி ‘யசுமி’ என்றால் ஓய்வு, விடுமுறை என்று பொருள். ‘யசுய்’ என்றால் விலை மலிவு. ஓர் எழுத்தில் கட்டளை விடுமுறையாகிவிடும் நுட்பம் அதில் உண்டு. இந்நுட்பத்தை அறியத் தமிழ் மாணவனுக்கு அவன் இலக்கணமே துணைநிற்கும்.

படமும் பாடமும் வேறு, கனியும் கன்னியும் வேறு என்று தொடக்கப் பள்ளியிலேயே கற்றவன் அவன். சப்பானியத்திலும் அவ்வாறே ‘யுகி’ என்றால் பனி, ‘யூகி’ என்றால் வீரம். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. ‘இயெ’ வீடு; ‘ஈயெ’ இல்லை என்னும் மறுப்பு. ‘ஷுஜின்’ கணவன், ‘ஷூஜின்’ சிறைக்கைதி! ஒற்று மிகுந்தாலும் பொருள் மாறும்: ‘ஒதொ’ ஓசை, ‘ஒத்தொ’ கணவன். ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை தந்தது. சப்பானியரோ அவ்வொற்றுக்கும் ஒரு முழு மாத்திரை தருவர். ‘ஹஷி’ என்பது முதலசை உயர்ந்தால் உணவுக் குச்சி, இரண்டாம் அசை உயர்ந்தால் பாலம். இதற்குத் தமிழ் இலக்கணம் உதவாது, செவிப்பயிற்சியே வேண்டும்.

ஒலியொப்புமை கண்டு உறவு கொண்டாடுதலும் கூடாது. சப்பானியத்தில் ‘சிச்சி’ என்றால் தந்தை. தமிழிலோ அஃது அருவருப்பொலி. பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவுண்டெனப் பல்லாண்டுகள் வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். ஆயினும் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமையுருபு பெயரின் பின்னே நிற்பதும் இரண்டிற்கும் பொதுவாம்.

இவ்வொப்புமை ஒரு வழக்குத்தொடரில் மிகத் தெளிவாய் விளங்குகிறது. சப்பானியர் வீட்டை விட்டுப் புறப்படுகையில் ‘இத்தெ கிமசு’ என்பர். ‘இத்தெ’ என்றால் போய். ‘கிமசு’ என்றால் வருகிறேன். வீட்டிலிருப்போர் ‘இத்தெ இரஷ்ஷை’ என்பர். போய் வாருங்கள் என்பதே அதன் பொருள். போகிறேன் என்று மட்டும் சொல்வதை அமங்கலமாகக் கருதும் தமிழர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? சயாமுக்குப் போனவர்களும் லயத்து வாசலில் ‘போய் வருகிறேன்’ என்றே சொல்லிச் சென்றிருப்பர். அவர்களை அழைத்துச் சென்றவர்களும் தத்தம் வீட்டில் அதே சொல்லைச் சொல்லிப் புறப்பட்டவர்களே. களத்தில் கட்டளை மட்டுமே பேசப்பட்டதால் இவ்வொற்றுமை இருசாரார்க்கும் தெரியாமலே போயிற்று.

1982 இல் மலேசிய அரசு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது. அதன்பின் மலேசிய மாணவர் பலர் சப்பானுக்குக் கல்வி நாடிச் சென்றனர். தாத்தாவுக்கு வசையாய் அறிமுகமான மொழியைப் பேரன் பாடநூலில் கற்கலாம், அதில் பிழையில்லை. அவனுக்குக் குறில் நெடில் பயிற்றும் ஆசிரியர், ‘பங்கோ’ என்ற சொல் ஒரு காலத்தில் இம்மண்ணில் எவ்வாறு ஒலித்தது என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு கற்றவன் ‘இத்தெ கிமசு’ என்று சொல்லும்போது, சொல்லிச் சென்றும் வாராதவர்களை நினைவில் கொள்வான்.