மார்க் 6 வாங்கிய பிள்ளை

1/
கண்டனூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தப் போய் நான் பாடம் கற்றுக்கொண்ட கதை இது. சில வருடம் ஆகிவிட்டது. அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் கடைசி வரை படியுங்க.

2/
உண்ணுதல் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, மாணவிகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். பெயர் ஈட்-26. கனடாவில் கார்னர், கார்ஃபிங்கல் என்ற இருவர் 1979இல் 40 கேள்விகளோடு உருவாக்கி, 1982இல் 26 ஆகச் சுருக்கியது. எடை கூடும் என்ற பயம், டயட், வாந்தி பற்றியெல்லாம் கேட்கும். 20 மார்க்கோ அதற்கு மேலோ வந்தால் நேரில் விசாரிக்கணும்.

3/
ஒரு பிள்ளைக்கு 23. பதறிப்போய் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆச்சியோடு வந்தாள். விசாரித்தால், வெள்ளி சனி விரதம். சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துகிறார்களா என்ற கேள்விக்கு "எப்போதும்" என்று டிக். ஆச்சி சிரித்துவிட்டார்: "ரெண்டு பணியாரத்தோட எந்திரிச்சா விட்ருவமா டாக்டர்?" பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லை. வீட்டைப் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

4/
இன்னொரு பிள்ளைக்கு வெறும் 6. நார்மல் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டேன்.

5/
நாலு மாதம் கழித்து அந்தப் பிள்ளையை அவள் அம்மா கூட்டிவந்தார். காலை பிரேயரில் மயங்கி விழுந்திருக்கிறாள். மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. கை ஜில்லென்று இருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44. டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. சோறு போனது ஊருணிக் கரை நாய்களுக்கு. அன்றே அட்மிட் செய்தோம்.

6/
"அன்னிக்கு ஃபார்ம்ல ஏம்மா ஒண்ணும் எழுதல?"
"குண்டாயிருவேன்னு பயமான்னு கேட்டிருந்துச்சு டாக்டர். பயம் இல்லியே. சாப்பிட்டா நெஞ்சு வரைக்கும் அடைக்குது. அதை யாரும் கேக்கல."

அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் மார்க்கைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

7/
எடை பற்றிய பயமே இல்லாமலும் அனோரெக்சியா வரும். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களிலேயே இதை எழுதியிருக்கிறார். வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் இதே ஈட்-26ஐக் கொடுத்த கிங், புக்ரா ஆய்வு 1989இல் வந்தது. நிறையப் பேருக்கு 20க்கு மேல் மார்க். ஆனால் சில கேள்விகளையே அவர்கள் வேறு அர்த்தத்தில் புரிந்துகொண்டிருந்தார்கள். வேலூர் சிஎம்சி 2007இல் வெளியிட்ட ஆய்விலோ, பிள்ளைகளிடம் அதிகம் கண்டது மனக்காரணத்தால் வரும் வாந்தி. இதையெல்லாம் முகாமுக்கு முன்னாடியே நான் படித்திருக்கணும்.

8/
அப்படியென்றால் கேள்வித்தாள் வேண்டாமா? வேணும். நூறு பிள்ளைகளில் யாரிடம் முதலில் பேசுவது என்று அது காட்டும். நோயை உறுதி செய்யாது, இல்லை என்றும் சொல்லாது. இப்போது எத்தனை மார்க் வந்தாலும் எடை, நாடி, மாதவிடாய் மூன்றையும் பார்க்கிறேன். பிறகு பிள்ளையிடம் தனியாக ஒரே கேள்வி: "நேத்து காலையிலேருந்து என்ன சாப்பிட்ட, சாப்பிடறப்ப எப்படி இருந்துச்சு?"

9/
பெற்றோர் கவனிக்க வேண்டியவை:
- வளர்கிற வயதில் எடை குறைவது
- மாதவிடாய் நிற்பது
- சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போவது
- எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது
- மயக்கம், எந்நேரமும் குளிர்

பையன்களுக்கும் வரும்.

10/
திட்டாதீங்க, ஊட்டித் திணிக்காதீங்க. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து இதயத்துக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் கூட்டணும். எங்கே போவது என்று தெரியவில்லையா? 14416, டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

11/
அந்தப் பிள்ளை தேற ஒரு வருடம் ஆனது. இப்போது காலேஜ் போகிறாள். போன பொங்கலுக்கு வந்தவள், "இப்பவும் அந்த ஃபார்ம் கொடுக்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.
"கொடுக்கிறேன்மா. ஆனா கீழே ரெண்டு வரி எடம் விட்டிருக்கேன். நாங்க கேக்காததை எழுத."

தேவைப்படும் வீடுகளுக்கு இதைப் பகிருங்க.