வெயிலுக்கு முந்திய நாற்று

பொங்கல் முடிந்து, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குத் திரும்புகிறவர்களின் பைகளில் புது அரிசியும் பலகாரமும் இருக்கும். சிலர் பைகளில் செய்தித்தாளில் மடித்த விதையும் இருக்கும். சாம்பலில் புரட்டிக் காயவைத்த கத்தரி விதை, பாட்டி எடுத்து வைத்த பாகல் விதை, வீட்டுக் கொல்லையில் உதிர்ந்த தண்டுக்கீரை விதை. வாடகை அறைக்குக் கொண்டுபோக இதைவிட இலேசான சொத்து கிடையாது.

இந்தப் பகுதி தொழிற்சாலைப் பூமியாகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதற்கு முன்னால் இது ஏரிப் பாசன மண். செங்கல்பட்டையும் காஞ்சிபுரத்தையும் சேர்த்து ஏரி மாவட்டம் என்றே சொல்லிவந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரி இங்கிருந்து அதிகத் தூரமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிறையும். மார்கழி, தையில் நவரை நெல்லுக்கு நாற்று விடுவார்கள். காய்கறிக்கும் அதே கணக்குதான். மண்ணில் ஈரம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இரவில் குளிர்ச்சி இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் தைப்பட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆடியைவிடத் தை நல்ல தொடக்கம். ஆடியில் விதைத்த செடி பிஞ்சு விட்டு நிற்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்து அடித்துவிடும். தையில் விதைத்தால் அந்தப் பயம் இல்லை.

இருக்கிற பயம் வெயில் ஒன்றுதான்.

குளிர்நாடுகளில் வசந்தத்துக்கு முன்பே வீட்டுக்குள் விதை போட்டு, சன்னலோரம் நாற்றை வளர்த்துக்கொண்டு, கடைசி உறைபனி எப்போது நீங்கும் என்று காத்திருப்பார்கள். இங்கே கணக்கு தலைகீழ். மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சென்னைப் பக்கம் ஜனவரியில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். மே மாதம் 37, 38 சாதாரணம். பகல் 35ஐத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. செடி பச்சையாகத்தான் இருக்கும், பூவும் பூக்கும், ஆனால் காம்போடு உதிரும். தை முதல் வாரம் விதைத்தால் 25 நாளில் நாற்று நடவுக்கு வரும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் பூத்துப் பிஞ்சு பிடித்துவிடும். ஒரு மாதம் தள்ளிப்போனால் அத்தனை பூவும் சித்திரையில் மாட்டிக்கொள்ளும். கத்தரி இந்த வெயிலுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும், அது இந்த மண்ணிலேயே பிறந்த பயிர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயும் இங்கே பழகிவிட்டது. ஆனால் மிளகாய் நாற்று நடவுக்கு வர 40 நாளுக்கு மேல் ஆகும் என்பதால் முதலில் விதைக்க வேண்டியது அதைத்தான்.

நாற்றங்கால் என்றதும் பாத்தி கட்டிய வயல் நினைவுக்கு வரும். லைன் வீட்டு மாடியில் அதற்கு இடம் ஏது? குழித்தட்டு போதும். நாற்றுப் பண்ணைகளில் புழங்குவது 98 குழி கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் தட்டு; கைக்கு அடக்கமானது, ஒரு செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிடலாம். தென்னை நார்க்கழிவை நீரில் ஊறவைத்து, பழுப்பு நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கிவிடும். கொஞ்சம் மண்புழு உரமும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்து குழிகளை நிரப்பி, நடுவில் விரல் நுனியால் அரை சென்டிமீட்டர் பள்ளம் பறித்து, குழிக்கு ஒரு விதை. மேலே மெல்லிய மூடாக்கு. பண்ணைகளில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் போர்த்தி வைத்துவிடுவார்கள். உள்ளே ஈரமும் கதகதப்பும் அடங்கி நிற்பதால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு தட்டு வைத்திருப்பவரும் இதையே செய்யலாம்.

தக்காளி ஐந்தாறு நாளில் எட்டிப் பார்க்கும். தலையை நீட்டிக்கொண்டு வருவதில்லை. தண்டு கொக்கி போல வளைந்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். வித்திலைகள் இரண்டும் கீழே குனிந்தபடி, சில சமயம் விதைத் தோலையே தொப்பியாகப் போட்டுக்கொண்டு வெளிவரும். வெளிச்சம் பட்டதும்தான் நிமிரும். அந்த வளைவு இல்லாவிட்டால் மென்மையான நுனி மண்ணில் உராய்ந்து சிதைந்துவிடும். முதல் முளை தெரிந்த அன்றே போர்வையை எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஷிஃப்ட் குறுக்கே வருகிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்குக் காலையும் மாலையும் மாறிக்கொண்டே இருக்கும். நாற்றுக்கோ ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். மறந்துபோன நாளுக்கும் சேர்த்து மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் நாற்றழுகல் வரும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து இளைத்து, சாயங்காலம் நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். அதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. அகலமான தாம்பாளத்தில் கால் அங்குலம் தண்ணீர் ஊற்றி அதில் குழித்தட்டை அரை மணி நேரம் வைத்தால், நார்க்கழிவு அடியிலிருந்தே வேண்டிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மேல்பரப்பு உலர்ந்திருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தூங்கப் போகுமுன் செய்துவிடக்கூடிய வேலைதான். ஓர் அறையில் நான்கு பேர் தங்கும் இடங்களில் எந்த நேரமும் யாராவது ஒருவர் விழித்திருப்பார் என்பதும் நாற்றுக்கு நல்லதுதான்.

நாற்று விட்டு நடும் பொறுமை இல்லாதவர்களுக்குக் கீரை இருக்கிறது. சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் குழம்புக்கு ஆகும். வெந்தயத்தை இரவு ஊறவைத்து விதைத்தால் மூன்றாம் நாள் முளை. கொத்தமல்லியை அப்படியே போடக் கூடாது. நாம் விதை என்று நினைக்கும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. செருப்பாலோ பலகையாலோ இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். மல்லி முளைக்க பத்து நாளாவது ஆகும், தை, மாசியோடு அதன் பருவமும் முடிந்தது. பங்குனியில் விதைத்த மல்லி இலை விரிப்பதற்குள் பூத்துவிடும். புதினாவுக்கு விதை தேடி அலைய வேண்டாம், கடையில் வாங்கிய கட்டில் நல்ல தண்டு நான்கு போதும்.

விதைக்குக் காசு பெரிய தடையில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மாடித்தோட்டத் தொகுப்பு மானியத்தில் 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஊர்ப்புறத்துக்கு 12 வகை விதை அடங்கிய பொட்டலம் 15 ரூபாய்க்குக் கிடைத்தது. கடையில் வாங்குகிறவர்கள் பொட்டலத்தின் படத்தைப் பார்ப்பதை விட்டு முளைப்புத் திறனையும் சோதித்த தேதியையும் பார்க்க வேண்டும். சான்று விதைக்கு தக்காளியிலும் கத்தரியிலும் குறைந்தது 70 விழுக்காடு, மிளகாயில் 60 விழுக்காடு முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அதன் கெடு.

உண்மையான தடை மாடிச் சாவி. மாத வாடகைக்கு விடும் பல வீடுகளில் மொட்டை மாடிக் கதவு பூட்டியே கிடக்கிறது. தண்ணீர் ஒழுகும், தளம் வீணாகும் என்பது உரிமையாளர்களின் கவலை. நார்க்கழிவு நிரப்பிய பை மண் தொட்டியைவிட எடை மிகக் குறைவு. அடியில் செங்கல் வைத்துத் தூக்கி வைத்தால் தளமும் காயும். இதை எடுத்துச் சொல்லிச் சாவி வாங்கித்தர யாராவது முன்வர வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கிராமத்துத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த பெண்கள் பலர் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு வெயில் படும் ஒரு மூலையும் ஒரு குழாயும் ஒதுக்குவது பெரிய செலவில்லை. அது அவசியம் செய்ய வேண்டிய காரியம்.

வேலை மாறினால் அறையும் மாறும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, விதையை எடுத்துப் போகலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 போன்ற தக்காளி ரகம் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் அதன் விதை தாய்ச்செடி போலவே வரும். வீரிய ஒட்டு ரகத்தில் அந்த உறுதி இல்லை. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து சாற்றோடு இரண்டு நாள் புளிக்க வைத்தால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரையும். அலசி, நிழலில் உலர்த்தி, தேதி எழுதி மடித்து வைத்துக்கொள்ளலாம்.

தையைத் தவறவிட்டவர்கள் சித்திரையில் தக்காளிக்கு முயல வேண்டாம். வெண்டையும் கொத்தவரையும் அந்த வெயிலைத் தாங்கும். இரண்டுக்கும் நாற்று விட வேண்டியதில்லை. வெண்டையை இரவு முழுக்க ஊறவைத்து, பைக்கு இரண்டு விதையாக நேரடியாகவே ஊன்றிவிடலாம்.