கழுக்கோல் எட்டு, மாடு ஒன்று

டிசம்பர் பத்து கழிந்துவிட்டால், திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போகிற சாலையில் எந்தக் கிளைத்தெருவுக்குள் திரும்பினாலும் சுத்தியல் சத்தம் கேட்கும். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 46 விழுக்காட்டுக்கு மேல் கிறிஸ்தவர்கள் இருந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. கிறிஸ்துமஸ் குடில் கோயிலுக்குள் அடங்காது. வீட்டு முற்றம், தெருமுனை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று பரவிவிடும். கட்டுகிற பையன்களில் யார் வேதக்காரர், யார் இல்லை என்று வேடிக்கை பார்க்கிறவனால் சொல்ல முடியாது.

இந்தத் தெருமுனையில் நாலு பையன்கள், ஒரு கிழவர். லுங்கியை மடித்துக் கட்டியிருக்கிறார். தொழிலை விட்டுப் பல வருடமான மர ஆசாரி என்பது உளியைப் பிடிக்கிற பிடியில் தெரிகிறது. பெரியவன் செல்போனை நீட்டுகிறான். திரையில் மரப்பலகையால் ஆன ஒரு குடில், கூரை முழுக்கப் பனி.

"இது போல வேணும் பாட்டா."

கிழவர் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார். "கூரை சரிவு பத்தாதே. மழ பெய்ஞ்சா தண்ணி எங்கலே போவும்?"

ஞாயமான கேள்வி. வடகிழக்குப் பருவம் இன்னும் மூட்டை கட்டவில்லை. பெத்லகேம் எப்படியோ, இங்கே டிசம்பரில் திறந்தவெளியில் நிற்கிற எதுவும் முதலில் மழைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பையன்கள் பழைய பெட்டிகளை உடைத்து ரப்பர் மரப் பலகை கொண்டுவந்திருந்தார்கள். மலையடிவாரம் முழுக்க ரப்பர் தோட்டம், சல்லிசாகக் கிடைக்கும். கிழவர் ஒன்றை எடுத்து விரலால் சுண்டிவிட்டு ஓரமாகப் போட்டார். "ரப்பர் தடி வெளிய நிக்காது மக்கா. நாலு மழ பட்டா பூத்துரும்." அவர் கைகாட்டியது பக்கத்து மனையை. அங்கே ஓட்டுவீடு ஒன்றை இடித்துக் கான்கிரீட் எழுப்புகிறார்கள். மண்ணோடு கிடந்த அயனிக் கழுக்கோல்களில் எட்டைப் பொறுக்கிக் கழுவியாயிற்று. யாரோ தலைக்குமேல் பார்த்துப் படுத்திருந்த மரம் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் கூரையாகப் போகிறது.

ஆணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கழுக்கோலின் நுனியைச் சீவிக் கழுந்தாக்கி, உத்தரத்தில் வெட்டிய துளைக்குள் இறக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டு. நுழையவில்லை. வெளியே எடுத்து, ஓரத்தில் நகக்கனம் சீவி, மறுபடி இறக்கினார். இந்த முறை சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. பென்சிலால் கழுந்திலும் துளையருகிலும் '1' என்று எழுதினார். அடுத்ததில் '2'. இதற்குள் பொறுமை போன ஒருவன் மறுகோடியில் நாலு ஆணி அடித்துவிட்டான்.

"மூணு ராசா திருநாள் கழிஞ்சா களத்தணும்லா? ஆணி அடிச்சா அடுத்த வருசம் வெறகுதான்."

ஆணிகள் பிடுங்கப்பட்டன.

மதியம் ஒரு மீன்காரம்மா சருவத்தை மதில்மேல் இறக்கி வைத்துவிட்டு நின்றார். அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் நடுவே சுரூபங்கள். குழந்தையை எடுத்துத் தூசி துடைத்தவனிடம், "பாலன இப்பமே வச்சிராத மக்கா, இருவத்தி நாலு ராத்திரிதான்" என்றார். அவனுக்கும் அது தெரியும், இருந்தாலும் தலையாட்டினான். கடற்கரையில் குடிலைப் பார்க்கிற கண்ணே வேறு. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறிவந்து கொட்டில்பாட்டையும் குளச்சலையும் மணக்குடியையும் அடித்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து ஒரே நாள். 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸில், கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் தூத்தூர் பக்கம் எத்தனையோ. அந்த அம்மா அதெல்லாம் பேசவில்லை. விலைபோகாத சாளை ஏழெட்டை ஒரு தேக்கிலையில் வைத்துக் கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தெருவில் இப்போது மாடு இல்லை. பால் பாக்கெட்டில் வருகிறது. தொழுவத்தையே கண்டிராத பிள்ளைகள் தொழுவம் கட்டுகிறார்கள். அதனால்தான் கிழவருக்கு இத்தனை அதிகாரம். காடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், மூத்திரம் வடியத் தரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். பொம்மை மாட்டுக்கு எதற்கு மூத்திரச் சரிவு என்று ஒருவன் சிரிக்கிறான். ஆனால் செங்கல் வைத்துத் தரையைச் சரித்துவிட்டான். 1223-இல் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தித்தான் குடிலைத் தொடங்கிவைத்தார் என்பார்கள். கிழவர் அவர் கட்சி. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டிதான் உண்டு, மாடு கிடையாது. அதைச் சொல்லி இங்கே யாரும் பிழைக்க முடியாது.

சாயங்காலம் கூரை ஏறியது. அடியில் பிளாஸ்டிக் ஷீட், மேலே முடைந்த தென்னோலை. ஒரு வாரம் முன்பே தட்டுகளில் விதைத்த கேழ்வரகு விரல் நீளம் முளைத்திருந்தது, அதுதான் புல்வெளி. சீரியல் பல்பு வயரில் ஒட்டுப்போட்ட இடங்களை டேப் சுற்றிக் கூரைக்கு உள்ளே ஒளித்தார்கள். பனிக்கென்று வாங்கிய பஞ்சுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

கடைசிச் சண்டை மாட்டைப் பற்றி. பையன்கள் அதைச் சாலையைப் பார்க்க வைத்திருந்தார்கள். கிழவர் காடிப்பக்கம் திருப்பினார்.

"குடில் போட்டிக்கு ஜட்ஜு வருவாங்க பாட்டா, மூஞ்சி தெரியணும்."

"மாடு ரோட்டப் பாத்தாலே நிக்கும்? தீனியப் பாத்துல்லா நிக்கும்."

கொஞ்ச நேரம் மாற்றி மாற்றித் திருப்பினார்கள். முடிவில் மாடு ஒருச்சாய்ந்து, ஒரு கண் காடிக்கும் ஒரு கண் ஜட்ஜுக்குமாக நின்றது. பெரியவன் ஒட்டகத்தின் உடைந்த காலை ஒட்ட ஃபெவிகால் வாங்கக் கடைக்கு ஓடினான். போகிறவனிடம் கிழவர் தமக்கு ஒரு கட்டு வெற்றிலையும் சொன்னார்.